மூக்கும் முழியும் எழுதிட்டா ஆள் வந்துருமா?

கேள்வி கேட்டவங்க முதல் நாவல் எழுதிட்டு இருக்காங்க. கதாநாயகி, தாலுகா ஆபீஸ் எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குற பொண்ணு. அவ எப்படி இருப்பான்னு ஒண்ணுமே சொல்லாம முதல் அத்தியாயத்தை எழுதி நாலு பேருக்குக் காட்டினா "முகமே தெரியலையே"ன்னு சொல்லிருக்காங்க. சரின்னு "ஐந்தரை அடி உயரம், மாநிறம், அகன்ற கண்கள், எடுப்பான மூக்கு, இடுப்பு வரை நீண்ட கூந்தல்"னு ஒரு வரி சேத்தா, அதே நாலு பேர் "புரோக்கர் ஜாதகத்தோட குடுக்கிற குறிப்பு மாதிரி இருக்கு"ங்கிறாங்களாம். அப்ப எவ்வளவுதான் சொல்றது, எதைத்தான் சொல்றதுன்னு கேக்குறாங்க.

ரெண்டு தடவையும் அந்த நாலு பேர் சொன்னது சரி. நான் ரொம்ப வருஷமா மத்தவங்க கதையைப் படிச்சு திருத்திக் குடுக்கிற வேலை பாக்குறேன், இந்த ரெண்டு பிரச்சனையும் வராத கையெழுத்துப் பிரதியே என் மேசைக்கு வந்ததில்லன்னு சொல்லலாம். எவ்வளவு எழுதுறதுங்கிறது ரெண்டாவது விஷயம். முதல்ல, அந்தப் பொண்ணை யாரு பாக்குறா? நீங்க எழுதின அந்த வரியில யாருமே பாக்கல. அளவெடுத்த மாதிரி இருக்கு, ஆனா அளவெடுத்த கை யாரோடதுன்னு தெரியல. ஒரு ஆளோட தோற்றம் பாதி அந்த ஆள் உடம்புல இருக்கு, மீதி பாக்குறவங்க கண்ணுல இருக்கு, அவங்களுக்கு அந்த நேரத்துல என்ன தேவையோ அதுல இருக்கு.

ஒரே பொண்ணை நாலு பேர் பாக்குறதா வச்சுக்குங்க. ஆறு மாசம் கழிச்சு ஹாஸ்டல்ல இருந்து வந்தவளை அவ அம்மா பாத்தா கழுத்தெலும்பு துருத்திட்டு நிக்கிறதுதான் முதல்ல தெரியும். அடகுக்கடைக்காரர் நிமிர்ந்து பாத்தா காதுல தோடு கிடக்குதா, இல்ல தோடு ஏற்கனவே அடகுக்கு வந்துட்டு ஓட்டை தூந்துறாம இருக்க வேப்பங்குச்சி சொருகிருக்காளான்னுதான் பாப்பார். தையல்காரருக்கு ஒரு தோள் இன்னொண்ணை விட அரை இஞ்சு இறங்கி இருக்கிறது தெரியும், ஸ்கூல் பேக்கை ஒரே பக்கம் மாட்டிப் பழகின உடம்பு. பொண்ணு பாக்க வந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு அவ நடந்து வரும்போது பாதம் தரையில எப்படிப் பதியுதுன்னு கவனம். நாலு பேரும் பாத்தது நிஜம்தான், ஆனா ஒருத்தர் பாத்ததை இன்னொருத்தர் பாக்கல. நீங்க எழுத வேண்டியது இதுல ஒண்ணே ஒண்ணு, அந்தக் காட்சி யாரோட காட்சியோ அவங்க பாத்தது.

எங்க ஆச்சி, பாம்படம் போட்டு வடிஞ்ச காது, அந்தக் காது தோளைத் தொடும், எங்க சித்தப்பாவுக்குப் பொண்ணு பாத்துட்டு வந்த அன்னைக்கு வீட்டுல எல்லாரும் பிள்ள எப்படி இருக்கு, நிறமா, உசரமான்னு சுத்தி நின்னு கேட்டுட்டு இருந்தப்ப, "காப்பித் தம்ளர நீட்டுதப்போ பிள்ளைக்குக் கை நடுங்கல பாத்துக்கோ"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். சித்தியை நேர்ல பாக்குறதுக்கு முன்னாடியே நான் பாத்த மாதிரி ஆயிடுச்சு, கண்ணு மூக்கு ஒண்ணும் தெரியாமலே.

இதை கம்பர் எவ்வளவோ காலம் முன்னாடியே ஒரு பாட்டுல வச்சிட்டார். ராமன் மிதிலையில வீதி உலா போறான், பொண்ணுங்க மாடத்துல நின்னு பாக்குறாங்க. "தோள் கண்டார் தோளே கண்டார்", காலைப் பாத்தவங்க காலையே பாத்தாங்க, கையைப் பாத்தவங்களும் அப்படியே, முழு வடிவையும் யாரு பாத்து முடிச்சாங்கன்னு கேக்குறார். இதை வெறும் புகழ்ச்சின்னு படிச்சிட்டுப் போயிடுறோம். எனக்கு இது எழுதுறவங்களுக்குச் சொன்ன பாடம். கண்ணு போய் ஒரு இடத்துல ஒட்டும், ஒட்டின இடத்தைச் சொல்லு, மீதியைத் தேடிப் போகாதன்னு. காட்டுக்குப் போகும்போது அதே ராமன் நிறத்தைச் சொல்ல வந்து மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோன்னு அடுக்கிட்டே போனவர் அடுத்த சொல்லா "ஐயோ"ன்னு வைக்கிறார் பாருங்க. நாலு உவமையும் செய்யாத வேலையை அந்த ஐயோ செய்யுது, ஏன்னா அதுலதான் பாக்குற மனுஷனோட குரல் இருக்கு.

"அப்ப தலையில ஆரம்பிச்சு கால் வரைக்கும் வரிசையா வர்ணிக்கிறது நம்ம மரபுலயே இருக்கே, கேசாதிபாதம்னு பேரே வச்சிருக்காங்களே, அது தப்பா?"ன்னு நீங்க கேக்கலாம். தப்பில்ல. ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு கிட்டப் போய் பாக்கணும். பத்துப்பாட்டுல பொருநராற்றுப்படை, முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடினது, மொத்தம் 248 அடி. அதுல ஒரு பாடினியை முடியில இருந்து பாதம் வரைக்கும் சொல்றாங்க. ஆரம்பம் வழக்கமானதுதான், ஆத்து மணல் வரி மாதிரி கூந்தல், பிறை மாதிரி நெத்தி, வில் மாதிரி புருவம். காதுக்கு வரும்போது "மயிர்குறை கருவி மாண்கடை அன்ன"ங்கிறார், அதாவது முடி வெட்டுற கத்தரியோட கைப்பிடி வளையம் மாதிரி காது. இது அரண்மனையில உக்காந்து யோசிச்ச உவமை இல்ல, கத்தரியைக் கையில எடுத்துப் பாத்தவங்க சொல்றது. ஒரு கத்தரியை எடுத்து கைப்பிடியை மட்டும் பாருங்க, காது தெரியும்.

அப்புறம் பாதம். "வருந்து நாய் நாவின்" அப்படிங்கிறார், ஓடி களைச்ச நாய் நாக்கைத் தொங்கப் போட்டிருக்குமே அந்த மாதிரி மெலிசா, செவப்பா இருக்கிற சின்னப் பாதம். அதோட நிக்கல. அரக்கை உருக்கி ஊத்தின மாதிரி செம்மண்ணுல நடந்து, பரல் கல்லு குத்தி, மரல் பழம் பழுத்த மாதிரி கால்ல நீர் கோத்து கொப்புளம் போட்டிருக்குன்னு சொல்றார். அங்கதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தலையில இருந்து இத்தனை அடி இறங்கி வந்தது எதுக்குன்னு அப்பதான் புரியுது. சோறு தேடி ஊர் ஊரா நடக்கிற கலைஞர் கூட்டம் அது, வரிசை போய் முடியுற இடம் கொப்புளம். ஒவ்வொரு உறுப்பையும் சொன்னாலும் அது எங்கயோ போய்ச் சேருது, யாரோ ஒருத்தரோட வலியில போய்ச் சேருது. உங்க வரி "நீண்ட கூந்தல்"ல முடியுது, அந்தக் கூந்தல் எங்கயும் போகல. அதுதான் வித்தியாசம், நீளம் இல்ல.

அடுத்தது அசைவு. நின்னுட்டு இருக்கிற ஆளை வர்ணிக்கிறதுதான் கஷ்டம், நடக்கிற, பேசுற, சாப்பிடுற ஆளை எழுதுறது பாதி சுலபம். சூர்ப்பணகை அழகியா வேஷம் போட்டு ராமன் முன்னாடி வர்ற பாட்டு எல்லாருக்கும் தெரியும், "பஞ்சி ஒளிர் விஞ்சு குளிர் பல்லவம் அனுங்க"ன்னு ஆரம்பிக்கும். அந்தப் பாட்டுல கண்ணைப் பத்தியும் இல்ல, மூக்கைப் பத்தியும் இல்ல, பாதமும் நடையும் மட்டும்தான். மயிலு, அன்னம், வஞ்சிக்கொடின்னு வந்து கடைசியில "நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்". ஞ்ச ஞ்சன்னு விழுற சத்தத்துலயே சலங்கை கேக்குது, அந்தச் சத்தத்துக்குள்ளயே நஞ்சும் உக்காந்திருக்கு. வாய் விட்டுப் படிச்சுப் பாருங்க. தமிழ்ல எழுதுறவங்களுக்கு இந்த ஒரு வசதி இருக்கு, ஆளோட நடையை வாக்கியத்தோட நடையிலயே கொண்டு வரலாம். ஒடிசலான ஆள் வேகமா வந்தா சின்னச் சின்ன சொல்லா வைங்க, பூசினாப்ல இருக்கிற அத்தை மாடிப்படி ஏறி வந்தா வாக்கியமும் நடுவுல நின்னு மூச்சு வாங்கட்டும்.

உடம்புல தொழில் எழுதியிருக்கும், அதையும் விட்டுறாதீங்க. லாரி ஓட்டுறவங்களுக்கு ஜன்னல் பக்கம் இருக்கிற வலது கை இடது கையை விட கருத்துப் போயிருக்கும். கண்டக்டர் ரூபாய் நோட்டை நீளவாக்குல மடிச்சு விரல் இடுக்குல சொருகியிருப்பார், சீட்டு கிழிக்கிறதுக்காக நாக்குல தொட்டுத் தொட்டு ஒரு விரல் நுனி மட்டும் எப்பவும் ஈரமா இருக்கும். கண்ணாடி போடுறவங்க அதைக் கழட்டினா மூக்கு ரெண்டு பக்கமும் சின்னதா பள்ளம் தெரியும், அந்த நேரத்துல அவங்க முகம் உடுத்தாத மாதிரி இருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் முதல்ல வந்த 1887 நாவல்ல, கதை சொல்ற நண்பர் வாட்சன் அவரை வர்ணிக்கும்போது ஆறடிக்கு மேல, ஒல்லி, பருந்து மூக்குன்னு எல்லாம் சொல்லிட்டு, கையில எப்பவும் மைக்கறையும் ரசாயனக் கறையும் இருக்கும்னு சேக்குறார். அந்தக் கறைதான் வேலை செய்யுற இடம். ஒல்லியா உயரமா இருக்கிறவங்க லண்டன்ல ஆயிரம் பேர் இருந்திருப்பாங்க.

ஹோம்ஸ்னு சொன்னதும் உங்களுக்கு ரெண்டு பக்கமும் காது மடல் வச்ச அந்த வேட்டைத் தொப்பி ஞாபகம் வந்திருக்கும். அந்தத் தொப்பியோட பேரை கானன் டாயில் எந்தக் கதையிலயும் எழுதல. 1891ல ஸ்ட்ராண்ட் பத்திரிகையில படம் போட்ட சிட்னி பாஜெட் மாட்டிவிட்டது அது. நம்ம ஊர்லயும் அப்படித்தான். பொன்னியின் செல்வன் 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கியில தொடரா வந்தப்ப ஓவியர் மணியம் படம் போட்டார், பல வீட்டுப் பெரியவங்களுக்கு வந்தியத்தேவன்னா மணியம் வரைஞ்ச முகம்தான். சுஜாதாவோட கணேஷ், வசந்த் ரெண்டு பேருக்கும் ஜெயராஜ் போட்ட கோடுதான் நிறைய பேர் மனசுல நிக்குது. இதை எதுக்குச் சொல்றேன்னா, வாரப் பத்திரிகைத் தொடரைப் படிச்சு வளந்தவங்க "அந்தக் காலத்துல எல்லாம் இவ்வளவு வர்ணிக்கவே மாட்டாங்களே"ன்னு உங்ககிட்ட சொல்வாங்க. பக்கத்துலயே படம் இருந்தது. உங்க நாவலுக்குப் படம் போட ஆள் இல்ல, அட்டையில ஒரு ஜன்னலோ குடையோதான் இருக்கப் போகுது, அதனால அந்த அளவை அப்படியே எடுத்துக்காதீங்க.

ஒரு அடையாளத்தைப் பிடிச்சா அதை கடைசி வரைக்கும் எப்படிக் கொண்டு போறதுன்னு தெரிஞ்சுக்கணும்னா டால்ஸ்டாய்கிட்ட போகணும். போரும் அமைதியும் நாவல்ல ஆந்த்ரேயோட மனைவி லிசா, குட்டி இளவரசின்னு சொல்வாங்க. அவளுக்கு மேலுதடு கொஞ்சம் குட்டை, பல்லு லேசா தெரியும், அதுல மெலிசா பூனைமுடி. முதல் விருந்துக் காட்சியிலயே சொல்லிடுறார். அவ பேசும்போதும், சிணுங்கும்போதும் திரும்பத் திரும்ப அந்த உதடுதான். பிரசவத்துல அவ செத்துப் போயிடுறா. அப்புறம் ரொம்ப பக்கம் கழிச்சு, அவ சமாதியில இத்தாலியில இருந்து கொண்டு வந்த ஒரு பளிங்கு தேவதை சிலை வைக்கிறாங்க, அந்தச் சிலைக்கு மேலுதடு லேசா தூக்கி சிரிக்கப் போற மாதிரி இருக்கு. ஆந்த்ரேயும் தங்கச்சியும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒத்துக்கிறாங்க, அது லிசா முகம் மாதிரியே இருக்குன்னு. அந்த உதடை முதல் அத்தியாயத்துல ஒரு தடவை சொல்லிட்டு விட்டிருந்தா இந்த இடத்துல நமக்கு நெஞ்சு அடைக்காது. அவ கண்ணு என்ன மாதிரின்னு என்கிட்ட கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது, அந்த உதடு மட்டும் இன்னைக்கும் கண்ணு முன்னாடி நிக்குது.

நிறையப் பேர் பயப்படுற இன்னொரு விஷயம், முன்னாடி சொன்னதும் பின்னாடி சொன்னதும் மாறிடுமோன்னு. வாட்சனுக்கு முதல் நாவல்ல குண்டு பாஞ்சது தோள்ல, 1890ல வந்த அடுத்த நாவல்ல கால்ல. அது நிஜமாவே தவறு. அதனால ஒரு நோட்டுல தழும்பு, மச்சம், எந்தக் கை பழக்கம்னு குறிச்சு வச்சுக்குங்க, அவ்வளவு போதும். ஆனா ஃப்ளாபேரோட மேடம் பொவாரி கதை வேற. எம்மாவோட கண்ணு முதல்ல பழுப்பு, இமையால கருப்பா தெரியுதுன்னு வரும். கல்யாணம் ஆன பிறகு காலையில படுக்கையில பக்கத்துல இருந்து புருஷன் பாக்கும்போது நிழல்ல கருப்பு, நல்ல வெளிச்சத்துல கருநீலம்னு வரும். தவறுன்னு சொன்னவங்க உண்டு. எனக்கு அப்படித் தெரியல. எவ்வளவு கிட்ட இருந்து, எந்த வெளிச்சத்துல, யாரு பாக்குறாங்கிறது மாறும்போது கண்ணும் மாறத்தான் செய்யும்.

நிறத்தைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இது. என்கிட்ட வர்ற கதைகள்ல "கருப்பா இருந்தாலும் களையான முகம்"னு எத்தனை தடவை அடிச்சிருக்கேன்னு கணக்கே இல்ல. அந்த "இருந்தாலும்"ல என்ன இருக்குன்னு எழுதினவங்களுக்கே தெரியாது, கை பழக்கத்துல வந்துருது. வீட்டுல கேட்டு, கல்யாண விளம்பரத்துல படிச்சு ஊறினது. ஆனா நம்ம பழைய பாட்டு அப்படிப் பாடல. சங்கப் பாட்டுல தலைவியை மாயோள்னு சொல்வாங்க, கருநிறத்தவள்னு, அது பெருமையா சொல்றது. குறுந்தொகை 27, வெள்ளிவீதியார் பாடினது, நல்ல பசுவோட பால் கன்னுக்கும் ஆகாம கறக்கிற பாத்திரத்துலயும் விழாம மண்ணுல சிந்தின மாதிரி, என் மாமைக் கவின் எனக்கும் ஆகாம என் தலைவனுக்கும் உதவாம பசலை திங்குதேன்னு ஒருத்தி அழுறா. மாமைன்னா மாந்தளிர் நிறம்னு உரைகாரங்க சொல்வாங்க. அந்த அழகைத் திங்கிறது வெளுப்பு. வெளுத்துப் போறதுதான் அங்க நோய். அப்படி ஒரு பாட்டு வச்சிருக்கிற மொழியில உக்காந்துட்டு நாம "இருந்தாலும்" போடுறோம். நிறம் சொல்லணும்னா சொல்லுங்க, புது மண்சட்டி மாதிரி, நாவப்பழம் மாதிரி, ஊற வச்ச புளி மாதிரின்னு பாக்குற ஆளோட உலகத்துல இருந்து எடுத்துச் சொல்லுங்க, மன்னிப்பு கேக்குற சொல்லை மட்டும் பக்கத்துல வைக்காதீங்க. "மாநிறம்"னு எழுதிட்டு நகர்ந்தீங்கன்னா அது யாருக்கும் எதையும் காட்டாது, தமிழ்நாட்டுல பாதிப் பேர் தன்னை மாநிறம்னுதான் சொல்லிக்குவாங்க.

எங்க சொல்றதுங்கிறதும் இருக்கு. பெருசா கண்ணுல படுற விஷயம், வயசு, பருமன், தாடி, நொண்டி நடக்கிறது இதெல்லாம் ஆள் உள்ள வந்த கொஞ்ச நேரத்துல சொல்லிடணும். முப்பது பக்கம் தாண்டி "தாடியைத் தடவியபடி"ன்னு எழுதினா படிக்கிறவங்க அதுவரைக்கும் மழமழன்னு வச்சிருந்த முகத்தை அழிச்சுட்டு மறுபடி வரையணும், அந்தக் கோபம் அவங்களுக்குப் போகவே போகாது. சின்ன விஷயங்கள் நிதானமா வரலாம். கதை சொல்ற ஆளே "நான்"னா கண்ணாடி முன்னாடி நிறுத்தி வர்ணிக்கிறதை விட்டுருங்க. அண்ணன் பேண்ட்டை மடிச்சுத் தச்சுப் போட்டுக்கிறவன் உயரம் அதுலயே தெரிஞ்சுரும், பழைய வீட்டு நிலைவாசல்ல எப்பவும் குனிஞ்சே நுழையுறவன் உயரமும் அப்படித்தான்.

இப்ப உங்க ஜெராக்ஸ் கடைப் பொண்ணு. யாரு பாக்கட்டும்? பட்டா நகல் எடுக்க வந்து வரிசையில அரை மணி நேரமா நிக்கிற ஒரு பெரியவர் பாக்கட்டும். நானா இருந்தா இப்படி ஆரம்பிப்பேன்:

"மிஷின் மூடியை அவ முழுசா மூடுறதே இல்ல. ஒவ்வொரு தாளுக்கும் அடியில வெளிச்சம் ஒரு கோடா ஓடும்போது அவ தாடை வெளுத்து, உதடு வெளுத்து, மறுபடி இருட்டுது. பெரியவருக்கு அந்த முகத்தை ஒரே தடவையில பாக்க முடியல, கீழ இருந்து மேல தவணை தவணையாத்தான் கிடைச்சுது. பின்னலைத் தூக்கி சுடிதார் கழுத்துக்குள்ள சொருகியிருந்தா, மிஷின்ல மாட்டிக்கும்னு பயமா இருக்கும். சில்லறை நீட்டின கையில நகக்கண் எல்லாம் மை. தாத்தா, சர்வே நம்பர் அழிஞ்சிருக்கே, பரவாயில்லையான்னு கேட்டா. காலையில இருந்து அந்தத் தாளைப் படிச்சுப் பாத்த முதல் ஆள் அவதான்."

இதுல உங்க பழைய வரியில இருந்த கூந்தல் இருக்கு, இடுப்பு வரைக்கும்னு சொல்லாமலே நீளம்னு தெரியுது. கண்ணு பெருசா சின்னதான்னு சொல்லல, ஆனா அழிஞ்ச நம்பரைப் பாத்த கண்ணு அது. நிறத்தை மிஷின் வெளிச்சம் பாத்துக்குது. மூக்கை எடுத்துட்டேன், மூக்குக்கு இந்தக் காட்சியில வேலை இல்ல. உயரம் மட்டும் பாக்கி. அதை மூணாவது அத்தியாயத்துல வச்சுக்குங்க, பேப்பர் பண்டலை மேல் தட்டுல இருந்து எடுக்க முதலாளி எப்பவும் ஒரு ஸ்டூல் போட்டு ஏறுவாருல்ல, இவ வேலைக்குச் சேந்த ரெண்டாவது நாள் அந்த ஸ்டூலைக் காலால ஓரமா தள்ளிட்டு கையை நீட்டி எடுக்கட்டும்.